கங்காசாகரத்தில் ஒரு நாள்

கல்கத்தாவில் குடியேறிய நம்மவர் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால், அவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்வது என்பதற்கு எழுதாத அட்டவணை ஒன்று உண்டு. முதல் நாள் காளிகட்டம். இரண்டாம் நாள் தக்ஷிணேசுவரமும், ஆற்றைக் கடந்து பேலூர் மடமும். மூன்றாம் நாள் விக்டோரியா மண்டபம், பொருட்காட்சிசாலை. திரும்பும் வழியில் லேக் மார்க்கெட்டில் காப்பி. கையில் இன்னும் சில நாட்கள் இருந்தால் காசி, கயை, பூரி. 2001-ஆம் ஆண்டில் நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று மாறியது. நம் வாயில் அது இன்னும் கல்கத்தாவாகவே இருப்பதுபோல, இந்த அட்டவணையும் மாறாமலே இருக்கிறது. இதில் இடம் பெறாத ஊர் ஒன்றைப் பற்றித்தான் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதிகாலையில் ரயிலேறி, படகில் ஆற்றைக் கடந்து, கடலில் நீராடி, அன்றிரவே வீட்டில் வந்து படுத்துக்கொள்ளக்கூடிய தூரத்தில் இருக்கிறது அது. கங்கை கடலில் கலக்கும் சாகர்த் தீவு அதுவே.

வடநாட்டார் வாயில் வழங்கும் பழமொழி ஒன்று உண்டு. மற்றத் தீர்த்தங்களுக்குப் பல முறை போகலாம். கங்காசாகரத்துக்கு ஒரே முறைதான் என்பது அதன் பொருள். ஒரு முறை போனால் எல்லா முறைகளும் போன புண்ணியம் என்று பக்தர்கள் விளக்குவார்கள். மறு முறை போக ஆள் இருக்கமாட்டான் என்பதும் பழைய காலத்தில் உண்மையாகவே இருந்தது. நாட்கணக்கில் நாட்டுப்படகில் செல்ல வேண்டும். ஆற்றில் முதலை, கரையில் புலி, கழிமுகத்தில் கொள்ளைக்காரர், மாலையில் மூடுபனி. பங்கிம் சந்திரர் 1866-இல் வெளியிட்ட ‘கபாலகுண்டலா’ என்ற நாவல், கங்காசாகர யாத்திரை முடித்துத் திரும்பும் படகு பனியில் திசை தவறுவதில்தான் தொடங்குகிறது. நேர்த்திக்கடன் என்று சொல்லிக் குழந்தைகளை இந்தக் கடலில் விடும் கொடிய வழக்கமும் முற்காலத்தில் இருந்தது. வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1802-இல், அது சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

நமக்கும் இந்தக் கழிமுகத்துக்கும் உறவு புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் துறையில் வந்து இறங்கிய பொருள்களைச் சொல்லிவரும் பட்டினப்பாலை, கங்கைநாட்டுப் பொருளையும் சேர்த்தே சொல்கிறது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரனுடைய படை கங்கைக்கு வந்து நீர் கொண்டு சென்றது. அந்த வெற்றியின் நினைவாக எழுந்த கங்கைகொண்ட சோழபுரம், கொள்ளிடக்கரையைச் சேர்ந்த எங்கள் கிராமத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர். விடாமுயற்சியைக் குறிக்க இன்றும் ‘பகீரதப் பிரயத்தனம்’ என்கிறோமே, அந்தப் பகீரதன் கங்கையை எந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தானோ, அந்த இடம்தான் சாகர்.

சென்ற 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில் என் தாயார் எங்களுடன் தங்குவதற்காக வந்தார்கள். தகப்பனார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கிராமத்து வீட்டில் தாயார் தனியாக இருந்தார்கள், வயது அறுபத்தெட்டு. சென்னையில் இருக்கும் என் தம்பிக்கும் எனக்கும் இதுவே பெரிய கவலை. வீட்டை வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்திருந்தார். நல்ல விலை, பங்குனிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார். வீட்டை விற்றுவிட்டு, தாயார் ஆறு மாதம் தம்பியிடத்திலும் ஆறு மாதம் என்னிடத்திலும் இருக்கலாம் என்பது எங்கள் இருவருடைய எண்ணம். தாயார் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. “பார்க்கலாம் தம்பி” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் வேறொன்றைக் கேட்டார்கள். “மாசி மகம் வருது. ஊர்ல இருந்தா பூம்புகார்ல கடலாடிட்டு வருவேன். இங்கே கடல் எங்கே இருக்கு?”

பிப்ரவரி 24, சனிக்கிழமை, மாசி மகம். அலுவலகத்தில் ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தாயார், மனைவி, பதினொரு வயது மகள், நான் ஆக நால்வரும் பாலிகஞ்ச் நிலையத்தில் விடியுமுன் நாம்கானா செல்லும் வண்டியில் ஏறினோம்.

ரயில்வேக்காரனாகிய எனக்கு எந்தப் பாதையிலும் பாதையின் கதை நினைவுக்கு வந்துவிடும். இந்தத் தெற்குப் பிரிவுப் பாதை வெகுகாலம் லட்சுமிகாந்தபூருடன் நின்றிருந்தது. பிற்காலத்திலேதான் காக்தீப் வரையிலும், பிறகு நாம்கானா வரையிலும் நீண்டது. அதற்கு முன்பு யாத்திரிகர்கள் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கித்தான் வர வேண்டியிருந்தது. பாருய்பூரில் பொழுது வெளுத்தது. அங்கே கொய்யாத் தோட்டங்கள் பேர்போனவை. ஜயநகரில் ஏறிய வியாபாரியிடம் மகள் ‘மோயா’ வாங்கினாள். நெற்பொரியைப் பேரீச்சஞ்சாற்று வெல்லத்தில் உருட்டிச் செய்யும் பண்டம் அது. தாயார் ஒன்றை வாயிலிட்டுப் பார்த்துவிட்டு, “நம்ம கார்த்திகைப் பொரியுருண்டைதான், கொஞ்சம் இளகினாப்பல இருக்கு” என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

காக்தீப்பில் இறங்கி, ‘டோட்டோ’ எனப்படும் மின்வண்டியில் படகுத்துறைக்குச் சென்றோம். துறையின் பெயர் ஹார்வுட் பாயிண்ட்; ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் வண்டிக்காரர் சற்று யோசிப்பார். ‘லாட் நம்பர் எட்டு’ என்றால்தான் உடனே புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுந்தரவனக் காட்டை அளந்து, துண்டு துண்டாக எண்ணிட்டுக் குத்தகைக்கு விட்டார்கள். காடு போய்விட்டது; எண் மட்டும் ஊர்ப்பெயராக நின்றுவிட்டது.

துறைக்கும் தீவுக்கும் நடுவே முரிகங்கை ஓடுகிறது. ஹூக்ளியின் ஒரு கிளைதான். ஆனால் அக்கரை நீலக்கோடாகத்தான் தெரியும். அரசு இதன்மேல் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டத் திட்டமிட்டிருக்கிறது. நாங்கள் சென்றபோது லாஞ்சுதான் வழி. சைக்கிள்கள், கோழிக் கூடைகள், பள்ளி ஆசிரியர்கள், காய்கறி மூட்டைகள், காவி கட்டிய சாதுக்கள் எல்லோரும் ஒரே தட்டில் நெருங்கி நின்றோம். படகு புறப்பட்டதும் வெண்ணிறக் கடற்காக்கைகள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து பின்தொடர்ந்தன. யாத்திரிகர்கள் கைநிறையப் பொரியை வீசினார்கள். பறவைகள் அதைத் தண்ணீரில் விழவிடாமல் காற்றிலேயே கவ்விக்கொண்டன. மகளுடைய கைப்பொரி தீர்ந்தும் அவை போகவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் வண்டிகள் கால அட்டவணைப்படி ஓட முயல்பவை. இந்தப் படகுகளுக்குக் கால அட்டவணை சந்திரன்தான். முரிகங்கையில் வண்டல் மேடிட்டுக் கிடப்பதால், கடல்நீர் வற்றும் வேளையில் படகு தரைதட்டும்; ஆகையால் சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். நீர் ஏறுவதும் இறங்குவதும் நாளைக்கு இரண்டு முறை. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் பின்தள்ளிப் போகும். நாகப்பட்டினம், பூம்புகார்ப் பக்கத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நம் கண்ணுக்கு அது பெரிதாகத் தோன்றாது. வங்காள விரிகுடாவின் வடகோடியோ புனல்போலக் குறுகி, ஆழமும் குறைந்தது. நெருக்கப்பட்ட நீர் மேலே எழும்புகிறது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சாகர்க் கரையில் ஐந்து மீட்டர் அளவுக்குக்கூட வேறுபாடு இருக்கும். கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் நம் பாபுகட்டத்துப் படிகள் காலையில் மறைந்து மாலையில் தெரிவதும் இதனால்தான்.

வங்காளிகள் ஏறும் நீரை ‘ஜோயார்’ என்றும் இறங்கும் நீரை ‘பாட்டா’ என்றும் சொல்வார்கள். “இதற்குத் தமிழில் என்ன அப்பா?” என்று மகள் கேட்டாள். “ஓதம்” என்றேன். தாயார் சிரித்தார்கள். “ஓதம்னா சுவர்ல ஈரம் ஏறுறதுல்ல? மழைக்காலத்துல நம்ம கூடத்துச் சுவர்ல இடுப்பளவு ஏறுமே” என்றார்கள். இரண்டும் ஒரு சொல்தான். பழைய நூல்களில் கடலுக்கே ‘ஓதம்’ என்று பெயர் உண்டு. பள்ளி இறுதி வரையில் மட்டும் படித்த நான் தமிழ் வாத்தியார் சொன்னதை நினைவு வைத்திருந்தேன்; தாயாரோ சுவரைப் பார்த்தே அந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். மகள் இரண்டு பொருளையும் வாங்கிக்கொண்டாள்.

தீவில் இறங்கும் துறைக்குக் கச்சுபேரியா என்று பெயர். அங்கிருந்து கங்காசாகரம் முப்பது கிலோமீட்டர். தீவின் வடகோடியில் ஏறித் தென்கோடியில் இறங்கும் அந்தப் பயணத்தில் பஸ் சன்னல் வழியாகப் பார்த்த காட்சி எங்களுக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. நெல்வயல், குளம், தென்னை, வைக்கோற்போர், வாசலில் உலரும் மிளகாய். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இத்தீவில் இருந்தார்கள். திடீரென்று தாயார், “அது என்ன தம்பி, கூரைபோட்ட தோட்டம்?” என்று கேட்டார்கள். அதுதான் ‘போரொஜ்’. நாற்புறமும் மேலும் மூங்கிலும் நாணலும் வைக்கோலுமாக மறைத்து, அதனுள்ளே வெற்றிலை வளர்க்கிறார்கள். காக்தீப்பிலும் சாகரிலும் வெற்றிலைப் பயிர் மிகுதி. “நாம அகத்தி நட்டு, அதுல கொடியை ஏத்துறோம். மரமே நிழலு, மரமே கொம்பு. இவங்க வெற்றிலைக்கு வீடே கட்டிட்டாங்க!” என்று தாயார் வியந்தார்கள். கும்பகோணம் வெற்றிலையில் பழகிய வாய். இறங்கியதும் முதல் வேலையாக ஒரு கவுளி வாங்கிச் சுருட்டிக்கொண்டார்கள்.

கடற்கரையை அடைந்தபோது பகல் பதினொன்று. நீர் ஏறி நின்ற நேரம். மகர சங்கராந்தியன்று, அதாவது நாம் பொங்கல் வைக்கும் அந்த நாளை ஒட்டி, இங்கே பல லட்சம் மக்கள் திரளுவார்கள்; அப்போது போய்வர ஒரு நாள் போதாது. மாசியில் அவ்வளவு கூட்டம் இல்லை. ஆனாலும் பௌர்ணமி நீராட வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். நீர் நீலமாக இல்லை. வண்டல் கலந்த பழுப்பு நிறம். “கொள்ளிடத்துல புதுவெள்ளம் வந்தாப்பல இருக்கு” என்றார்கள் தாயார். மனைவி ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, மும்முறை முழுகி எழுந்தார்கள். நான் தகப்பனாரை நினைந்து எள்ளும் நீரும் இறைத்தேன். சாம்பலாகிக் கிடந்த மூதாதையருக்கு ஒரு பேரன் நீர் கொண்டுவந்த இடம் இது என்று நினைத்தபோது, கையிலிருந்த நீர் கனத்தது.

சகரன் என்ற அரசன் அசுவமேதம் செய்தான். இந்திரன் குதிரையைக் கவர்ந்து கபில முனிவரின் ஆசிரமத்தில் கட்டிவிட்டான். தேடிவந்த சகரனின் அறுபதினாயிரம் பிள்ளைகள் முனிவரையே திருடர் என்று நினைத்து நிந்தித்து, அவர் பார்வையால் எரிந்து சாம்பலானார்கள். பேரன் அம்சுமான் முயன்றான். அவன் மகன் திலீபன் முயன்றான். திலீபன் மகன் பகீரதன் முடித்தான். சகரன் பெயரால்தான் கடலுக்குச் சாகரம் என்று பெயர். கபிலமுனி கோயிலில் கங்கை, கபிலர், சகரன் ஆகிய மூவரின் உருவங்களும் செந்தூரம் பூசி விளங்குகின்றன.

கோயில் பழையது, ஆனால் கட்டடம் பழையதன்று. இதற்கு முன்பிருந்த கோயில்களைக் கடல் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. இப்போதிருக்கும் கட்டடம் 1970-களில் சற்று உள்தள்ளி எழுப்பப்பட்டது. கடல் அதை நோக்கியும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. கரையில் அடுக்கிய மணல்மூட்டைகளையும், சிதைந்துபோன நடைபாதையையும் கண்டோம். தீவைத் திருத்திக் குடியேற்ற 1819-இல் கல்கத்தாவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1833-ஆம் ஆண்டுப் புயல் அந்த உழைப்பை அழித்தது. 1864 அக்டோபர் 5-ஆம் தேதி வீசிய புயலில் கல்கத்தாவும் சுற்றுப்புறமும் சேர்ந்து ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர்கள் மாண்டதாகக் கணக்கிட்டார்கள். சாகர்த் தீவுக்கும் அதில் பெரும் பங்கு. நம் காலத்திலும் 2009-இல் ஐலா, 2020-இல் அம்பன், 2021-இல் யாஸ். 1964 டிசம்பரில் ஓர் இரவில் தனுஷ்கோடியை ரயிலோடு கடலுக்குப் பறிகொடுத்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சோறும் பருப்பும் காய்கறியும் உண்டுவிட்டுப் பகல் ஒரு மணிக்குமேல் திரும்புகையில் கடற்கரையைப் பார்த்தோம். நாங்கள் நீராடிய இடம் ஈரமணலாகியிருந்தது. கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது.

கச்சுபேரியாவை அடையும்போது இரண்டரை. எதிர்பார்த்தபடியே படகு நின்றிருந்தது. துறையோரம் சேறு பளபளத்தது. ஐந்தரை ஆகும் என்றார்கள். தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு வங்காள மூதாட்டி, துணிமூட்டை ஒன்றை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என் தாயாரின் வயதுதான் இருக்கும். தாயார் கையில் வெற்றிலையைப் பார்த்துச் சிரித்தாள். தாயார் இரண்டு வெற்றிலையைப் பாக்கோடு நீட்டினார்கள். அவ்வளவுதான், பேச்சு தொடங்கிவிட்டது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நடுவே என் மகள்.

கல்கத்தாவில் பிறந்த அவளுக்கு வங்காளம் தண்ணீர்பட்டபாடு, தமிழ் வீட்டளவில்தான். “சாப்பாடு வேணும்”, “தலைவலிக்குது” என்ற எல்லைக்குள் நடமாடும் தமிழ். அன்று அந்த எல்லை போதவில்லை. மூதாட்டி தான் லோஹாசராவில் பிறந்ததாகவும், கோடாமாராவுக்கு வாழ்க்கைப்பட்டதாகவும், இப்போது சாகரில் இருப்பதாகவும் சொன்னாள். இவை மூன்றும் அருகருகே உள்ள தீவுகள். லோஹாசரா முழுவதும் நீரில் மூழ்கிவிட்டது. கோடாமாரா கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் கரைந்துவிட்டது. 2021 மே 26 அன்று யாஸ் புயலில் எஞ்சிய பகுதியும் முழுக வெள்ளத்தில் நின்றது. நிலமிழந்தவர்களில் பலரைச் சாகரில்தான் குடியேற்றியிருக்கிறார்கள்.

“அப்பா, ‘பாங்கன்’ என்றால் என்ன சொல்வது?” என்று மகள் என்னைப் பார்த்தாள். “உடைப்பு” என்றேன். தாயார் திருத்தினார்கள். “உடைப்பு வேற தம்பி. உடைப்பு ஒரு ராத்திரில வரும். ஊரே கூடி மூட்டை போட்டு அடைச்சிடலாம். கரையைத் தெனம் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுறது அரிப்பு. அதை அடைக்க முடியாது. அரிப்புன்னு சொல்லு கண்ணு.” மகள் சொன்னாள். மூதாட்டிக்குத் தமிழ் புரியாவிட்டாலும், தாயார் கையால் காட்டிய சைகை புரிந்து, தலையை ஆட்டினாள்.

“வீடு போகும்போது எதை எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னு கேளு” என்றார்கள் தாயார்.

மகள் கேட்டாள். மூதாட்டி விரல்விட்டு எண்ணினாள். கோடாமாராவிலேயே மூன்று முறை வீட்டைப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டினார்களாம். பிறகு சாகருக்கு வந்து ஒரு முறை. ஒவ்வொரு முறையும் மூங்கிலும் தகரமும் மாறும். கதவு மட்டும் அதே கதவு. மாமனார் செய்துவைத்த மரக்கதவு. இப்போதிருக்கும் வீட்டிலும் அதுதான் இருக்கிறது. “அளவு பொருந்தாது, சுவரைக் கதவுக்குத் தக்கபடி கட்டிக்கொள்வோம்” என்றாள். இதை மகள் தமிழில் சொல்லி முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. அதுவரையில் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மூதாட்டி கேட்டதைத்தான் நான் மறக்கமுடியாது. உப்புநீர் புகுந்த வயலில் நெல் சரியாக விளையாததால் அவள் மகன் வேலை தேடிச் சென்றிருக்கிறான். எங்கே? சென்னைக்கு! கட்டட வேலை. மூன்று ஆண்டுகளாக அங்கே இருக்கிறான். தொலைபேசியில் பேசும்போது “சாப்டாச்சா” என்று தமிழில் கேட்டு அவளைச் சிரிக்க வைப்பானாம். அவள் என் தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு, “உங்கள் ஊர் மனிதர்கள் என் பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்வார்களா?” என்று கேட்டாள்.

மகள் இதை மொழிபெயர்த்தபோது தடுமாறவில்லை. தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பின்னர், “பசின்னு வந்தவனைப் பட்டினி போட மாட்டாங்கன்னு சொல்லு. எம் புள்ளையும் உங்க ஊர்லதானே பொழைக்கிறான், நீங்க வைச்சுக்கிடலையா, அது மாதிரின்னு சொல்லு” என்றார்கள். மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் உடல்நலத்தைப் பரிசோதிப்பது போலிருந்தது அந்தப் பார்வை. திருப்தியடைந்தவளாய், வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

நீர் ஏறத் தொடங்கியது. முதலில் சேற்றின் வெடிப்புகளில் நூல்போல ஓடிவந்தது. பிறகு கரையோரம் சாய்ந்து கிடந்த தோணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தியது. ஐந்தே முக்காலுக்குப் படகு புறப்பட்டது. அக்கரையில் மூதாட்டி இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். காக்தீப்பில் இரவு வண்டி கிடைத்தது. வீடு சேரும்போது மணி பத்தரை.

மறுநாள் ஞாயிறு. தம்பி வழக்கம்போல் சென்னையிலிருந்து பேசினான். வீட்டை வாங்குபவர் மீண்டும் கேட்டாராம். தாயார் என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கினார்கள். “நிலம் போனவங்களே கதவைத் தூக்கிக்கிட்டு அலையுறாங்க தம்பி. நிலம் இருக்கிற நான் எதுக்குக் கதவைப் பூட்டணும்? என் காலம் வரைக்கும் அங்கே இருக்கேன். அப்புறம் உங்க இஷ்டம்” என்றார்கள். வயதையும், தனிமையையும், வைத்திய வசதியையும் எடுத்துச் சொல்லித் தம்பி வாதாடினான், நானும் வாதாடினேன். எங்கள் நியாயம் இன்றும் நியாயமாகவே எனக்குப் படுகிறது. ஆனால் முடிவு தாயாருடையது. ஒரே ஒரு நிபந்தனைக்கு மட்டும் சம்மதித்தார்கள்: பக்கத்து வீட்டுப் பெண் இரவில் துணைக்கு வந்து படுத்துக்கொள்வது. தாமும் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: கோடை விடுமுறை தோறும் பேத்தியை அனுப்பிவைக்க வேண்டும்.

அவ்வாறே அந்த ஆண்டு சித்திரையில், ஷாலிமாரிலிருந்து புறப்படும் கோரமண்டல் வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட்டுவந்தேன். ஒரு மாதம் கழித்து அழைத்துவரச் சென்றபோது கூடத்துச் சுவரைக் காட்டி, “அப்பா, ஓதம் எதுவரைக்கும் ஏறியிருக்கு பாருங்க” என்றாள். சுவரில் இடுப்பளவுக்கு நிறம் மாறியிருந்தது. சுண்ணாம்புக்காரருக்குச் சொல்லியனுப்பினோம்.

கங்காசாகரம் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். சங்கராந்தி நெரிசலைத் தவிர்த்து, மாசி பங்குனியில் செல்லுங்கள். மழைக்காலத்தில் முரிகங்கை கொந்தளிக்கும். சியால்தாவிலிருந்து காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். புறப்படும் முன்பு அன்று எந்த வேளையில் நீர் வற்றும் என்பதை விசாரித்து, அதற்குத் தக்கபடி போகவர நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி, அமாவாசைகளில் முற்பகலில் நீர் ஏறி நிற்பதால் காலைப் பயணம் எளிது. ஆனால் பிற்பகலில் காத்திருக்க நேரும். குடிநீரும் மாற்று உடையும் கொண்டுசெல்லுங்கள். முதியோரைக் கடலில் தனியே இறங்க விடாதீர்கள். தரை சரிவு குறைவானாலும் சேறு வழுக்கும்.

குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். துறையில் படகு நிற்கும்போது அவர்களைக் கைப்பேசியோடு மூலையில் உட்கார வைக்காமல், வீட்டுப் பெரியவருக்கும் பக்கத்திலிருப்பவருக்கும் நடுவில் உட்கார வையுங்கள். இரண்டு மொழி அறிந்த பிள்ளைக்கு அங்கே வேலை இருக்கிறது.